எழுத்தாளர் விற்பது எதை? மின்பதிப்புக் காலத்தின் தொழில் கணக்கு

"புத்தக வடிவில்" என்னும் தொடருக்கு என்ன பொருள் என்ற கேள்வி 2001ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் வழக்காக வந்து நின்றது. வில்லியம் ஸ்டைரன், கர்ட் வானெகட், ராபர்ட் பார்க்கர் ஆகியோரின் படைப்புகளைப் புத்தக வடிவில் அச்சிட்டு, வெளியிட்டு, விற்கும் உரிமையை ராண்டம் ஹவுஸ் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வாங்கியிருந்தது. மின்னூலை யாரும் விலை கொடுத்து வாங்காத காலத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் அவை. ரோசெட்டா புக்ஸ் என்ற புதிய நிறுவனம் அதே எழுத்தாளர்களிடம் நேரடியாக உரிமை பெற்று, எட்டுப் படைப்புகளை மின்னூலாக வெளியிட்டபோது ராண்டம் ஹவுஸ் தடை கோரியது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. புத்தக வடிவில் விற்க உரிமை கொடுத்ததாலேயே மின்னூல் உரிமையும் கைமாறிவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதே அந்த முடிவின் சாரம்.

அதே 2001ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு இணையான இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட இதழ்களுக்கு, ஊழியராக இல்லாமல் தனித்து எழுதிய கட்டுரையாளர்கள், தங்கள் கட்டுரைகளை மின்தரவுத் தளங்களில் சேர்ப்பதற்குத் தனி அனுமதி தேவை என்று வாதிட்டனர். ஏழு நீதிபதிகள் அவர்கள் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். இந்த இரண்டு வழக்குகளிலும் எழுத்தாளர் தரப்புக்கே சாதகம் கிடைத்தது என்றாலும், பதிப்புத் தொழில் அவற்றிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. "இப்போது அறியப்பட்டதும் இனிமேல் உருவாகவிருப்பதுமான எல்லா வடிவங்களிலும்" என்ற தொடர் இன்றைய ஒப்பந்தப் படிவங்களில் சர்வ சாதாரணமாக இடம்பெறுகிறது. பழைய ஒப்பந்தங்களின் மௌனம் எழுத்தாளருக்குக் கொடுத்ததைப் புதிய ஒப்பந்தங்களின் சொல்வளம் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

மின்பதிப்புக்கு எழுத்தாளர் தம்மைத் தகவமைத்துக்கொள்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிகளில் தொடங்கிக் கருவிகளிலேயே முடிந்துவிடுகிறது: எந்தச் செயலியில் எழுதுவது, எந்தத் தளத்தில் ஏற்றுவது, எந்தச் சமூக ஊடகத்தில் அறிவிப்பது என்பன போன்றவை. இவை சில வாரங்களில் பழகிவிடும். தொழிலைத் தீர்மானிக்கும் கேள்வி இவற்றுக்கு முன்னால் இருக்கிறது. எழுத்தாளர் விற்பது ஒரு நூலை அன்று. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, தொடர் வெளியீடு, திரைவடிவம் எனத் தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய உரிமைகளின் ஒரு தொகுப்பையே அவர் கையில் வைத்திருக்கிறார். அச்சுக் காலத்தில் அந்தத் தொகுப்பை அப்படியே ஒருவரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழி குறைவாக இருந்தது. இன்று அதைப் பிரிக்கும் வசதி வந்திருக்கிறது, பிரித்த பகுதிகளைத் தாமே சுமக்கும் பொறுப்பும் கூடவே வந்திருக்கிறது.

இந்த மாற்றத்தின் பணக்கணக்கைப் பார்ப்போம். அமேசான் 2007 நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்டபோதே எழுத்தாளர்கள் நேரடியாக நூலை ஏற்றும் தளத்தையும் திறந்தது. தொடக்கத்தில் எழுத்தாளருக்குக் கிடைத்தது விற்பனை விலையில் 35 விழுக்காடு. 2010 ஜூனில் 70 விழுக்காடு என்ற தெரிவு அறிமுகமானது. அமெரிக்கச் சந்தையில் 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையுள்ள நூல்களுக்கே அந்த உயர் விழுக்காடு பொருந்தும். கோப்பின் அளவுக்கேற்ப ஒரு சிறு கட்டணமும் கழிக்கப்படும். படங்கள் நிறைந்த நூலை எழுதுபவருக்கு அந்தச் சிறு கட்டணம் சிறியதாக இராது. மறுபுறம், பெரிய ஆங்கிலப் பதிப்பகங்கள் மின்னூலுக்கு வழக்கமாகத் தரும் ராயல்டி, பதிப்பகத்துக்கு வந்துசேரும் நிகரத் தொகையில் 25 விழுக்காடு. 9.99 டாலர் மின்னூலில் ஏறத்தாழ ஏழு டாலர் பதிப்பகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், எழுத்தாளரைச் சேர்வது ஒன்றே முக்கால் டாலர். தாமே வெளியிட்டால் ஏறத்தாழ ஏழு டாலர்.

இந்த ஒப்பீட்டை இதோடு நிறுத்திக்கொண்டு சுயபதிப்பைக் கொண்டாடுவோர் பலர். ஏழு டாலருக்கும் ஒன்றே முக்கால் டாலருக்கும் இடையிலுள்ள தொகை இலாபம் ஆகிவிடுவதில்லை. பிரதியைச் செம்மைப்படுத்துபவர், மெய்ப்புத் திருத்துபவர், அட்டை வடிவமைப்பவர், விளம்பரம் ஆகிய செலவுகள் அதிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். நூல் விற்காமல் போனாலும் அவை செலவானவையே. பதிப்பகம் தரும் முன்பணம், நூல் தோற்றாலும் பொதுவாகத் திருப்பிக் கேட்கப்படுவதில்லை. ஆக, குறைந்த விழுக்காட்டை ஏற்கும் எழுத்தாளர் நட்ட அபாயத்தைப் பதிப்பகத்திடம் விட்டுவிடுகிறார். உயர்ந்த விழுக்காட்டை நாடுபவர் தம் நூலுக்குத் தாமே முதலீட்டாளர் ஆகிறார். எத்தனை பிரதிகள் விற்றால் போட்ட பணம் திரும்பும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வது தொழில் முடிவு ஆகாது.

பணத்தைவிட நேரம் பெரிய செலவு என்பதற்கு அமெண்டா ஹாக்கிங்கின் கதையே சான்று. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல்களை அவர் 2010 ஏப்ரல் முதல் தாமே மின்னூலாக வெளியிட்டார். ஓராண்டுக்குள் சுயபதிப்பின் மிகப்பெரிய வெற்றிக்கதையாக அறியப்பட்டார். ஆனால் 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் என்ற மரபான பதிப்பகத்துடன் நான்கு நூல்களுக்கு இருபது இலட்சம் டாலர் அளவிலான ஒப்பந்தம் செய்துகொண்டார். மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதும், அட்டைகளைச் சரிசெய்வதும், செம்மையாக்குநரைத் தேடுவதுமாக வாரத்துக்கு நாற்பது மணி நேரம் போவதைத் தாம் விரும்பவில்லை, எழுத்தாளராக இருக்கவே விரும்புகிறேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். சுயபதிப்பில் வென்ற ஒருவரே இப்படிச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கு அடுத்த ஆண்டுகளில் ஹியூ ஹோவி வேறொரு வழியைக் காட்டினார். 2011இல் ஒரு குறுங்கதையாகத் தாமே வெளியிட்டுத் தொடராக வளர்ந்த அவருடைய அறிவியல் புனைவு மின்னூலாகப் பெரும் விற்பனை கண்டபோது பதிப்பகங்கள் தேடி வந்தன. சைமன் அண்ட் சூஸ்டருடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அச்சு உரிமைக்கு மட்டுமானது. மின்னூல் உரிமையை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஒரு புது எழுத்தாளர் இத்தகைய ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெற முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. ஹோவியிடம் ஏற்கெனவே விற்பனை எண்ணிக்கை இருந்ததால்தான் பேரம் நடந்தது. ஆனால் முழு உரிமையையும் கேட்க முடியாத இடத்தில்கூட ஒலிநூலையோ மொழிபெயர்ப்பையோ தனியாக வைத்துக்கொள்ளவும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பயன்படுத்தாத உரிமை தானாகத் திரும்ப வேண்டும் என்று எழுதவும் கேட்பதில் இழப்பு எதுவும் இல்லை.

உரிமை திரும்பும் விதி பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மின்பதிப்பு மிக அமைதியாக மாற்றிய விஷயம் அதுதான். நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்பது பழைய ஒப்பந்தங்களின் நிலையான கூறு. கிடங்கில் பிரதி தீர்ந்து, மறுபதிப்பும் வராவிட்டால், அந்த நிலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மின்னூல் தீர்வதில்லை. தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் முறையிலும் நூல் 'கிடைக்கிறது' என்ற நிலை முடிவதே இல்லை. எனவே ஆண்டுக்கு மூன்று பிரதி விற்கும் நூல்கூடச் சட்டப்படி உயிருடன் இருப்பதாகவே கருதப்பட்டு, உரிமை பதிப்பகத்திடமே தங்கிவிடக்கூடும். இதற்கு மாற்று, விற்பனை எண்ணிக்கையையோ ராயல்டித் தொகையையோ அளவுகோலாக வைப்பது: தொடர்ந்து இரண்டு அரையாண்டுக் கணக்குகளில் இத்தனை பிரதிகளுக்குக் குறைந்தால் எழுத்தாளர் எழுத்து மூலம் கேட்டு உரிமையைத் திரும்பப் பெறலாம் என்பது போன்ற வாசகம். ஒப்பந்தத்தில் ராயல்டி விழுக்காட்டை அரை விழுக்காடு உயர்த்தப் போராடுவதைவிட இந்த ஒரு வரிக்குப் போராடுவது நீண்டகாலத்தில் பயன் தரும் என்பது என் கருத்து.

நீண்டகாலம் என்று சொல்லக் காரணம் உண்டு. புத்தகக் கடையில் புது நூலுக்குச் சில வாரங்களே இடம். பிறகு அலமாரி அடுத்த நூலுக்குப் போய்விடும். மின்கடையின் அலமாரிக்கு அகலம் முடிவற்றது. ஆறாவது நூலை வாங்கிப் பிடித்துப்போன வாசகர் அன்றிரவே முதல் ஐந்தையும் வாங்க முடியும். தொடர் நாவல் எழுதுபவர்கள் முதல் நூலின் விலையைக் குறைத்தோ இலவசமாகவோ வைப்பது இந்தக் கணக்கில்தான். ஒரு நூலின் வெளியீட்டு வாரத்தையே நம்பி வாழும் தொழில்முறையிலிருந்து, பழைய நூல்கள் சிறிது சிறிதாக ஈட்டித் தரும் தொழில்முறைக்கு மாறுவதுதான் மின்பதிப்பு எழுத்தாளருக்குத் தரும் உண்மையான வாய்ப்பு. அந்தப் பழைய நூல்களின் உரிமை வேறொருவரிடம் சிக்கியிருந்தால் வாய்ப்பும் அவரோடு போய்விடும்.

உரிமைக்கு அடுத்தபடியாக எழுத்தாளர் கையில் இருக்க வேண்டியது வாசகரை அடையும் வழி. தளங்கள் நிலைத்திருப்பவை அல்ல. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன. பணம் திருப்பித் தரப்பட்டது. தொடர்கதைகளுக்காக அமேசான் 2021இல் தொடங்கிய வெல்லா என்ற தளம் 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கே அத்தியாயம் அத்தியாயமாக வாசகரைச் சேர்த்தவர்களுக்குக் கதைகள் கையில் மிஞ்சின. வாசகர்களின் முகவரி மிஞ்சவில்லை. கடையின் வழியாக நூல் வாங்கும் வாசகர் கடையின் வாடிக்கையாளர். அவர் பெயர்கூட எழுத்தாளருக்குத் தெரிவதில்லை. மின்னஞ்சல் செய்திமடல் பழையதாகத் தோன்றினாலும் இன்னும் பயன்படுவதற்கு இதுவே காரணம். 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் போன்ற தளங்கள் சந்தாத் தொகையில் 10 விழுக்காட்டை எடுத்துக்கொண்டாலும், சந்தாதாரர் பட்டியலை எழுத்தாளர் தம் கணினிக்கு எடுத்துக்கொள்ள விடுகின்றன. ஒரு தளத்தைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கிருந்து வெளியேறும்போது எதை எடுத்துச் செல்லலாம் என்பதே.

ஆயிரம் உண்மையான இரசிகர்கள் இருந்தால் ஒரு படைப்பாளி வாழ முடியும் என்று கெவின் கெல்லி 2008இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது. ஒருவர் ஆண்டுக்கு நூறு டாலர் வீதம் ஆயிரம் பேர் என்றால் ஓர் இலட்சம் டாலர் என்ற அந்தக் கணக்கு கவர்ச்சியானது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாவல் எழுதுபவரிடம் ஒரே வாசகர் நூறு டாலருக்கு வாங்க என்ன இருக்கிறது? இசைக்கலைஞருக்கும் ஓவியருக்கும் பொருந்தும் கணக்கு எழுத்தாளருக்கு அப்படியே பொருந்துவதில்லை. மாதச் சந்தா, தனிப்பதிப்பு, பயிலரங்கு என்று வேறு வழிகளைச் சேர்க்காதவர்க்குத் தேவைப்படும் எண்ணிக்கை ஆயிரத்தைவிடப் பல மடங்கு அதிகம். சேர்ப்பவர்க்கோ எழுதும் நேரம் குறைகிறது.

பணம் வரும் வழி எழுத்தின் வடிவத்தையும் மாற்றும் என்பதைச் சந்தா வாசிப்பு தெளிவாகக் காட்டியது. 2014 ஜூலையில் கிண்டில் அன்லிமிட்டெட் என்ற அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டம் தொடங்கியபோது, வாசகர் நூலில் பத்தில் ஒரு பங்கைக் கடந்தால் எழுத்தாளருக்கு ஒரு முழுப்பங்கு கிடைத்தது. இருபது பக்கக் கதையில் அந்த எல்லை இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடும். எனவே குறுங்கதைகளும், ஒரே நாவலைத் துண்டுகளாக்கிய வெளியீடுகளும் பெருகின. ஓராண்டுக்குப் பின், 2015 ஜூலையில், வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கே பணம் என்று விதி மாறியது. காற்று நீண்ட நூல்களின் பக்கம் திரும்பியது. இரண்டு முறையும் விதியைத் துரத்தியவர்கள், அடுத்த மாற்றத்தில் தங்கள் கையிருப்பைத் திரும்பவும் உருமாற்ற வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் சேரும் மின்னூலை 90 நாள் வேறு எங்கும் மின்வடிவில் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. புதிதாக எழுத வருபவருக்கு அது தாங்கக்கூடிய விலைதான். பல கடைகளில் ஏற்கெனவே வாசகரைப் பெற்றவருக்கு அவர்களைக் கைவிடுவதாகவே முடியும்.

தவணை முறையில் எழுதுவது புதிதன்று. 1836இல் டிக்கன்ஸ் தம் முதல் நாவலை மாதாந்திரப் பகுதிகளாக வெளியிட்டுத்தான் பெயர் பெற்றார். இணையத்தில் அதை நம்பிக்கையின் பேரில் நடத்த ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டில் முயன்றார்: முதல் தவணைக்கு ஒரு டாலர், பதிவிறக்குபவர்களில் 75 விழுக்காட்டினராவது பணம் செலுத்தினால் கதை தொடரும் என்ற ஏற்பாடு. ஆறு தவணைகளோடு அது நின்றுபோனது. அவரைப் போன்ற புகழ் இல்லாத ஆண்டி வீயர் 2009 முதல் தம் இணையதளத்தில் 'த மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே கொடுத்தார். வாசகர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்டினர், அவர் திருத்தினார். கிண்டிலில் படிக்க வசதியாக இருக்கும் என்று கேட்டவர்களுக்காக அங்கே அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சென்டுக்கு ஏற்றினார். அங்கே அது விற்பனைப் பட்டியலில் ஏறியது, 2013இல் ஒலிநூலாகவும் 2014இல் கிரவுன் பதிப்பகத்தின் அச்சு நூலாகவும் வந்தது. இலவசமாகக் கொடுத்தது அவருக்கு விளம்பரமாக மட்டும் பயன்படவில்லை. ஒரு செம்மையாக்கக் குழுவையே அது சேர்த்துத் தந்தது. இந்தப் பயன் எல்லா வகை எழுத்துக்கும் கிட்டாது. சரிபார்க்கத்தக்க தகவல்களால் ஆன கதைக்கு வாசகர் திருத்தம் உதவும். மௌனத்தில் உருவாக வேண்டிய கவிதைக்கோ அகவயமான நாவலுக்கோ வாரந்தோறும் வரும் கருத்துகள் இடையூறாகலாம்.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைப்பு, பத்தி, மேற்கோள் ஆகியவற்றுக்குச் சொற்செயலியின் பாணிகளையே பயன்படுத்தி, இடைவெளிகளை வெற்று வரிகளால் நிரப்பாமல் தட்டச்சு செய்த பிரதி எந்த வடிவத்துக்கும் எளிதில் மாறும். ஈபப் (EPUB) என்ற திறந்த மின்னூல் கோப்பு வடிவம் 2007 முதல் பொதுத் தரமாக இருக்கிறது. மூலக்கோப்பை அந்த வடிவில் வைத்திருப்பவர் கடை மாறும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றிச் சரிபார்த்துவிடுவது நல்லது. மாற்றியில் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது தவறு, வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். படங்களுக்கு விளக்க உரை சேர்ப்பது பார்வையற்ற வாசகருக்கு அவசியமானது என்பதோடு, 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் மின்னூல்களையும் உள்ளடக்குகிறது. நூலின் வகை, விளக்கக் குறிப்பு, தேடுசொற்கள் ஆகியவற்றை நிரப்பும் படிவத்தைக் கடைசி நிமிடத்தில் அவசரமாக முடிப்போர் அதிகம். கடைக்காரர் எடுத்துக் காட்டாத கடையில் அந்தப் படிவம்தான் நூலை வாசகரின் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சந்தையை எப்படி நெரிக்கும் என்பதன் முன்னோட்டம் 2023இல் கிடைத்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைவு இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்ததால் படைப்புகளைப் பெறுவதையே சில காலம் நிறுத்தியது. செப்டம்பரில் அமேசான், இயந்திரம் உருவாக்கிய உள்ளடக்கத்தை நூலேற்றுபவர் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒருவர் ஒரே நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் விதித்தது. ஒரு நாளைக்கு மூன்று என்ற உச்சவரம்பு தேவைப்பட்டது என்பதே போதிய செய்தி. வேகத்தாலும் எண்ணிக்கையாலும் போட்டியிடும் எழுத்தாளருக்கு இனி இடம் குறுகும். ஒரு பெயரை நம்பி வாசகர் வாங்கும் எழுத்துக்கு அந்த அளவு நெருக்கடி இராது. ஒப்பந்தத்திலும் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க நூலுக்கு உரிமம் தரும் அதிகாரம் யாருக்கு? 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்துடன் செய்த ஏற்பாட்டில் எழுத்தாளர் சம்மதித்தால் மட்டுமே நூல் சேரும் என்று வைத்தது. இந்தச் சம்மதம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "எல்லா வடிவங்களும்" என்ற தொடருக்குள் அது சத்தமின்றி அடங்கிவிடக் கூடாது.

இத்தனை வேலைகளையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று அறிவுறுத்துவோரின் சொல்லை நான் ஏற்பதில்லை. எல்லாத் தளங்களிலும் இருப்பது எங்கும் இல்லாததற்குச் சமமாகிவிடுவதைப் பலரிடம் காண்கிறோம். விரைவாக எழுதக்கூடிய, தொடர் நாவல்களில் நாட்டமுள்ள ஒருவருக்குச் சுயபதிப்பு பொருந்தும். பல ஆண்டு உழைப்பில் ஒரு நூல் எழுதுபவருக்குப் பதிப்பகத்தின் முன்பணமும் செம்மையாக்கமும் பொருந்தும். ஒரு துறையின் வல்லுநராக எழுதுபவருக்கு நூலைவிடச் செய்திமடல் அதிகம் ஈட்டித் தரலாம். கவிஞருக்கு இவற்றில் எதுவும் வாழ்வாதாரமாக அமையாமல் போகலாம்; அவர் வேறொரு வேலையை வைத்துக்கொண்டு, உரிமைகளை மட்டும் கவனமாகக் காத்துக்கொள்வது தகவமைப்பில் குறைந்தது அன்று.

பெரும்பாலான எழுத்தாளர்கள் தள்ளிப்போடும் ஒரு வேலை மட்டும் மிஞ்சுகிறது. பெர்ன் உடன்படிக்கையின்படி பதிப்புரிமை, எழுத்தாளர் இறந்த பின் குறைந்தது 50 ஆண்டுகளுக்கு நீடிக்கும். பல நாடுகளில் அது 70 ஆண்டு. ஆனால் மின்கடையின் கணக்கு ஒருவர் பெயரில், ஒரு கடவுச்சொல்லில், ஒரு கைபேசி எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ராயல்டி வரும் வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு கடையுடன் யார் பேசுவது, எந்த நூலின் எந்த உரிமை எவரிடம் எந்த ஆண்டு வரை இருக்கிறது, மூலக்கோப்புகள் எந்த வட்டில் கிடக்கின்றன, அட்டைப்படத்துக்கு வாங்கிய உரிமம் எதுவரை செல்லும் என்பவை எழுத்தாளரின் தலைக்குள் மட்டுமே இருந்தால், வாரிசுகளுக்குச் சட்டம் கொடுத்த அரை நூற்றாண்டு உரிமை பூட்டிய அறைக்குள் இருப்பது போலத்தான். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதி, ஒப்பந்தங்களின் நகலோடு சேர்த்து, இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் வைப்பதற்கு ஒரு நாள் போதும்.